மாத்திரையா, பேச்சா? உணவை மறுக்கும் நோய்க்கு வைத்தியம் தேடிய வரலாறு



சோறில்லாமல் மெலிந்தவர்களின் கதையை நாம் நன்றாக அறிவோம். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டதைத் தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு பட்டினி. அடுப்பில் சோறு இருக்கிறது. சட்டியில் குழம்பு இருக்கிறது. பரிமாறத் தாயும் இருக்கிறாள். ஆனால் மகள் உண்ண மறுக்கிறாள். எலும்பும் தோலுமாகப் போன பின்னும் தன் உடல் பருத்துவிடும் என்று அஞ்சுகிறாள். இது விரதமன்று. தைப்பூசத்துக்கு விரதம் பிடிப்பவர் பூசம் முடிந்ததும் உண்கிறார். இந்தப் பெண்ணின் விரதத்துக்கு முடிவு நாள் இல்லை.

இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணேறு என்று ஒருவர் சொல்வார். காற்றுக் கருப்பு என்று இன்னொருவர் கயிறு மந்திரித்துக் கட்டுவார். மருந்தகத்துக்குப் போய்ப் பசி எடுக்க ஒரு மருந்து கொடுங்கள் என்று கேட்பவரும் உண்டு. மருந்து கொடுத்தால் சரியாகுமா, உட்கார வைத்துப் பேசினால் சரியாகுமா என்ற இந்தக் கேள்வியை மேலை நாட்டு மருத்துவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களுக்குள்ளே கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

லண்டன் மாநகரில் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் இருந்தார். உடல் தேய்ந்துபோகும் நோய்களைப் பற்றி 1689ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஓர் இளம் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். 1684ஆம் ஆண்டு ஜூலை மாதம், பதினெட்டாம் வயதில், அவளுக்கு மாதவிலக்கு நின்றது. உணவில் நாட்டம் போயிற்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மனக்கவலையே காரணம் என்று மார்ட்டன் கருதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. எனினும் அவர் கையில் இருந்தது மருந்துதான். வயிற்றின் மேல் வாசனைப் பொருள்களை வைத்துக் கட்டினார். கசப்பு மருந்துகளும் இரும்புச் சத்துள்ள நீரும் கொடுத்தார். முதலில் சற்றுத் தேறினாள். பிறகு மருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மூன்று மாதத்தில் மயங்கி விழுந்து இறந்தாள்.

அதே நூலில் பதினாறு வயதுப் பையன் ஒருவனும் வருகிறான். ஓயாமல் படித்ததாலும் மனக்கொந்தளிப்பாலும் உணவைத் துறந்தவன் அவன். மருந்து பலிக்காமல் போகவே, படிப்பை நிறுத்திக் கிராமத்துக் காற்றில் இருக்கவும் குதிரையேறவும் பால் குடிக்கவும் மார்ட்டன் சொன்னார். அவன் பெருமளவு தேறிவிட்டான். பெண்களுக்கு மட்டுமே வரும் நோய் இது என்று பலர் இன்றும் எண்ணுகிறார்கள். முதல் ஏட்டிலேயே ஆண்பிள்ளையும் இருக்கிறான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்துவிடுவோம். 1873ஆம் ஆண்டில், ஒருவர் பாரிஸிலும் மற்றொருவர் லண்டனிலுமாக, இரண்டு மருத்துவர்கள் இந்த நோயை விளக்கினார்கள். பாரிஸில் இருந்தவர் சார்ல் லசேக். லண்டனில் இருந்தவர் சர் வில்லியம் கல். விக்டோரியா மகாராணியாரின் மருத்துவர். அனோரெக்சியா நெர்வோசா என்று இன்று உலகம் முழுதும் வழங்கும் பெயரைச் சூட்டியவர் கல்தான்.

கல் பார்த்த நோயாளிகளுள் ஒருத்தி பதினேழு வயதுப் பெண். 1866ஆம் ஆண்டு அவரிடம் வந்தபோது அவள் எடை 82 ராத்தல். சிங்கோனாப் பட்டை மருந்து, பாதரச உப்பு, இரும்புச் சத்துப் பாகு, கொயினா என்று அக்காலத்து மருந்தலமாரி முழுவதும் அவளிடம் சோதிக்கப்பட்டது. ஒன்றும் பலிக்கவில்லை என்று கல் வெளிப்படையாகவே எழுதினார். உணவே மருந்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், நோயாளியின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் முடிவு. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெண் 128 ராத்தல் எடைக்குத் தேறினாள். நோய்க்கு முன்னும் பின்னும் இருந்த அவளுடைய முகங்களைப் படமாக அச்சிட்டிருக்கிறார்கள். முதல் படத்தில் இருப்பவள் கிழவி போலவும், இரண்டாம் படத்தில் இருப்பவள் அவளுடைய பேத்தி போலவும் தோன்றும்.

லசேக் வீட்டாரைக் கூர்ந்து பார்த்தவர். குடும்பத்தார் கையில் இருப்பவை இரண்டே வழிகள் என்றார். ஒன்று கெஞ்சுவது, மற்றது மிரட்டுவது. இரண்டும் தீர்ந்துபோகும் வரை பயன்படுத்திப் பார்க்கிறார்கள், நோய் அசைவதில்லை. நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? "ஒரே ஒரு வாய் கண்ணு" என்று தொடங்கி, "தின்னாட்டி வெளுத்துப்புடுவேன்" என்று முடிகிறது. கல் இன்னும் ஒரு படி மேலே போய், உற்றார் உறவினரே இந்நோயாளியைக் கவனிக்க மிகவும் தகுதியற்றவர்கள் என்று எழுதிவிட்டார். மருத்துவத் துறையில் அந்தச் சொல் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து மருத்துவமனையில் வைப்பதே முறையாயிற்று.

1914ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து மோரிஸ் சிமண்ட்ஸ் என்ற மருத்துவர், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்துபோனதால் ஏற்பட்ட நோய் ஒன்றை விளக்கினார். அதைப் படித்தவர்கள் மெலிந்த பெண்களுக்கெல்லாம் சுரப்பிக் கோளாறு என்று தீர்மானித்துச் சுரப்பிச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். பல ஆண்டுகள் வீணாயின. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவளிப்பது என்று அறிய விரும்பினார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஆறு மாதங்களுக்கு அவர்கள் வழக்கமாக உண்பதில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, மாக்கரோனி ஆகியவையே உணவு. எடையில் கால் பங்கு கரைந்தது.

உடல் மெலிந்தது வியப்பில்லை. மனம் மாறியதுதான் வியப்பு. சிரித்துப் பேசியவர்கள் தனியே ஒதுங்கினார்கள். சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. கனவில் சோறு வந்தது. சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கொஞ்ச உணவை நெடுநேரம் பிசைந்து பிசைந்து உண்டார்கள். சோதனை முடிந்து வயிறார உணவு கிடைத்தபோது, எவ்வளவு தின்றும் அடங்காமல் சிலர் தின்றுகொண்டே இருந்தார்கள். 1950ஆம் ஆண்டில் கீஸும் அவருடைய தோழர்களும் இதையெல்லாம் இரண்டு தொகுதி நூலாக வெளியிட்டார்கள்.

இதில் அடங்கியிருக்கும் செய்தி என்ன? மனச்சோர்வினால்தான் பெண் உண்ண மறுக்கிறாள் என்று நினைக்கிறோம். உண்ணாமையே மனச்சோர்வை உண்டாக்கவும் கூடும். எது விதை, எது மரம் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. பின்னால் வந்த மருந்துச் சோதனைகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

அந்த மருந்துகள் பிறந்த விதமும் சுவையானதே. 1952ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் தீவில், காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் உற்சாகம் பெற்றுச் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள். மருந்து மார்பில் மட்டுமன்றி மனத்திலும் வேலை செய்கிறது என்று அப்போது தெரிந்தது. 1957ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து கடும் மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தார். மனச்சோர்வு மருந்துகளின் காலம் இவ்வாறு தொடங்கியது.

உணவை மறுத்தவர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தது வேறொரு மருந்து. லண்டனில் பீட்டர் டால்லி, வில்லியம் சார்ஜென்ட் என்ற இருவர், மனத்தை அமைதிப்படுத்தும் குளோர்ப்ரோமசினையும், பசியைத் தூண்ட இன்சுலினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1960ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். எடை வேகமாக ஏறியது. வீட்டுக்கும் விரைவில் போனார்கள். ஆனால் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, மருந்தில்லாமல் தேறியவர்களைவிட இவர்கள் நன்றாக இருக்கவில்லை. அளவு மீறி உண்ணும் பழக்கம் இவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டது. ஏறிய எடையை மட்டும் பார்த்து நோய் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது என்பது அங்கே புலனாயிற்று.

அளவு மீறி உண்பது தனியொரு நோய் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜெரால்ட் ரஸ்ஸல். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் தாம் கண்ட 30 நோயாளிகளைப் பற்றி 1979ஆம் ஆண்டில் எழுதி, புலிமியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். புலிமியா என்றால் கிரேக்க மொழியில் எருதுப் பசி. நாம் யானைப் பசி என்போம். இந்நோயுள்ளவர் மெலிந்து காணப்படுவதில்லை. ஆகவே வீட்டாருக்குத் தெரிவதில்லை. யாரும் காணாதபோது ஏராளமாக உண்பார். பிறகு அஞ்சி விரலை விட்டு வாந்தி எடுப்பார். பல்லின் மேற்பூச்சு அரிக்கும். விரல் முட்டியில் பல் பட்டுத் தழும்பு விழும். இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்து இதயம் திடீரென்று நின்றுவிடவும் கூடும். வெட்கத்தினால் மறைப்பதுதான் இந்நோயின் பெரிய ஆபத்து.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு ஏது என்று யாரும் எண்ண வேண்டாம். 1982ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் மருத்துவ இதழில், அங்கே கண்ட ஏழு அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மறு ஆண்டு, 1983 பிப்ரவரி 4ஆம் நாள், உலகெங்கும் வானொலிகளில் குரல் ஒலித்த அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 32ஆம் வயதில் அனோரெக்சியாவின் விளைவாக மாண்டபோதுதான், பல நாடுகளில் சாதாரண மக்கள் இந்நோயின் பெயரையே முதன்முறையாகக் கேட்டார்கள்.

அதே 1983ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஹாரிசன் போப், ஜேம்ஸ் ஹட்சன் ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புலிமியா நோயாளிகள் பலருக்கு மனச்சோர்வு இருக்கிறது. உறவினரிடையிலும் அது காணப்படுகிறது. அப்படியானால் மனச்சோர்வு மருந்து இதற்கும் உதவாதா என்று அவர்கள் சிந்தித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இமிப்ரமின் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து உண்டவர்களிடம் அளவு மீறி உண்பது நன்றாகக் குறைந்தது. பின்னர் மனச்சோர்வே இல்லாத புலிமியா நோயாளிகளுக்கும் இவ்வகை மருந்துகள் பயன்பட்டது தெரிந்தது. அவர்கள் தொடங்கிய காரணம் முழுதும் சரியன்று. கண்ட பலன் மட்டும் மெய்.

கடலுக்கு அப்பால் ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் என்பவர் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். 1981ஆம் ஆண்டில் 11 நோயாளிகளுக்குத் தாம் செய்த பேச்சுவழிச் சிகிச்சையைப் பற்றி எழுதினார். பேச்சுவழிச் சிகிச்சை என்றதும் நாம் புத்திமதி சொல்வதை நினைத்துக்கொள்கிறோம். அது அதுவன்று. ஃபேர்பர்ன் நோயை ஒரு செக்காகப் பார்த்தார். பருத்துவிடுவோம் என்ற அச்சம், அதனால் கடுமையான பத்தியம், பத்தியத்தால் தாங்க முடியாத பசி, பசியால் வெறித்தீனி, தீனியால் குற்ற உணர்ச்சி, அதனால் வாந்தி, மறுநாள் இன்னும் கடுமையான பத்தியம். மாடு சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கே கயிற்றை அறுப்பது? பத்தியத்தில் அறுக்க வேண்டும் என்றார் அவர். நோயாளி எப்போது என்ன உண்டார், அப்போது மனத்தில் என்ன ஓடிற்று என்று நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று வேளை உணவும் இடைத்தீனியும் நேரம் தவறாமல் உண்ண வேண்டும். தன் மதிப்பெல்லாம் தன் எடையில் இருக்கிறது என்ற எண்ணத்தை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். நாளடைவில் இது ஏறக்குறைய ஐந்து மாதம், இருபது சந்திப்பு என்ற முறைக்கு வந்தது.

இனி இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டியதுதானே? 1990ஆம் ஆண்டில் அதே மினசோட்டாவில் ஜேம்ஸ் மிட்செல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் புலிமியா உள்ள 171 பெண்களிடம் அதைச் செய்தார்கள். இமிப்ரமின் தனியாக, வெற்று மாத்திரை தனியாக, இரண்டில் ஒன்றோடு குழுவாக அமர்ந்து பெறும் தீவிரச் சிகிச்சை என்று நான்கு பிரிவு. மருந்து வெற்று மாத்திரையை வென்றது. சிகிச்சை மருந்தை வென்றது. சிகிச்சையோடு மருந்தையும் சேர்த்தபோது, உண்ணும் பழக்கத்தில் மேலும் பலன் கூடவில்லை; சோர்வும் பதற்றமும் மட்டும் கூடுதலாகத் தணிந்தன. நமது எண்ணத்தில் இந்த வரலாற்றிலேயே மிகத் தெளிவான விடை இதுதான்.

எனினும் மருந்தைத் தள்ளிவிட முடியாது. 1992ஆம் ஆண்டில், ஃபுளுவோக்செட்டின் என்ற புதிய மருந்தை 387 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 20 மில்லிகிராம் சிறிதளவே உதவியது. அதைப் போல் மூன்று மடங்கு, 60 மில்லிகிராம் கொடுத்தபோது வெறித்தீனி 67 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களிடமும் 33 விழுக்காடு குறைந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்பதும் ஒரு மருந்துதான் போலும். மருந்தை நிறுத்தியதும் பலருக்கு நோய் திரும்புவது இவ்வகை மருந்துகளின் குறை. இளம் வயதினருக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்தால் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் எழக்கூடும், கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மருந்து உறைகளில் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. புப்ரோப்பியன் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்தை 1980களில் புலிமியாவுக்குச் சோதித்தபோது சில பெண்களுக்கு வலிப்பு வந்துவிட்டது. உணவுக் கோளாறு உள்ளவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது இன்று விதி. மருத்துவரிடம் வாந்தியை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அனோரெக்சியாவின் கதை இன்னும் கடினமானது. எடை தேறிய பின் ஃபுளுவோக்செட்டின் கொடுத்தால் நோய் திரும்பாமல் தடுக்கலாம் என்று எண்ணி, நியூயார்க்கிலும் டொரான்டோவிலும் 93 பேரிடம் ஓராண்டு காலம் சோதித்தார்கள். எல்லாருக்கும் பேச்சுவழிச் சிகிச்சை. அதோடு பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2006ஆம் ஆண்டில் வந்த முடிவு: வேறுபாடு இல்லை. மெலிந்து கிடக்கும் நிலையிலும் இம்மருந்துகள் பலிப்பதில்லை. இவை மூளையில் செரட்டோனின் என்ற பொருளைத் தேங்கச் செய்து வேலை செய்பவை. செரட்டோனினை உடல் செய்துகொள்வது உணவில் உள்ள ட்ரிப்டோஃபான் என்ற சத்திலிருந்து. உணவே போகாத உடலில் அந்தச் சத்து எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள் அறிஞர்கள். மரத்தில் பாலே ஊறாதபோது கோப்பையை மாற்றி மாற்றி வைத்து என்ன பயன்? பிரிட்டனில் 2017ஆம் ஆண்டில் வெளியான தேசிய மருத்துவ வழிகாட்டி, அனோரெக்சியாவுக்கோ புலிமியாவுக்கோ மருந்தை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பேச்சுவழிச் சிகிச்சைக்கே போவோம் என்று சொல்வது எளிது. மாத்திரைக்கு மொழி வேண்டாம். பேச்சுவழிச் சிகிச்சைக்கு மொழி வேண்டும். பயிற்சி பெற்றவர் வேண்டும். வாரந்தோறும் பட்டணத்துக்குப் போய்வரப் பேருந்துச் செலவும், அந்த நாளின் சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் வசதியும் வேண்டும். ஆராய்ச்சி ஒன்றைச் சிறந்தது என்று சொல்வதற்கும் அது தோட்டத்து வீட்டை எட்டுவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. மாத்திரை மட்டும் எழுதித் தரப்படுவதற்கு மருத்துவரின் அறியாமை மட்டும் காரணமன்று.

தாய்மாரைப் பற்றிய அந்தப் பழைய பழிச்சொல் என்னவாயிற்று? ஹில்டே புரூக் என்ற புகழ்பெற்ற மருத்துவர் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர். பிள்ளையின் பசியைத் தாய் சரியாக அறிந்துகொள்ளாததில் நோயின் வேரைத் தேடினார். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் பல வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது. பல தாய்மாருக்குத் தீராத குற்ற உணர்ச்சியையும் தந்தது. அதே ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவின் சல்வடார் மினூச்சின், குடும்பம் முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்துச் சிகிச்சை செய்யும் முறையைப் பற்றி எழுதினார். ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 80 நோயாளிகளிடம் இத்தகைய முறை ஒன்றைச் சோதித்து 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பத்தொன்பது வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாத அனோரெக்சியா நோயாளிகளுக்குக் குடும்பச் சிகிச்சையே மேலாக இருந்தது.

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் சிக்காகோவிலும் 121 இளம் வயது அனோரெக்சியா நோயாளிகளிடம் மீண்டும் சோதித்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்க்கையில், பெற்றோர் வழியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் முழுதும் தேறியிருந்தார்கள். தனியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினர். உற்றாரே தகுதியற்றவர்கள் என்று கல் எழுதி 137 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சிகிச்சையில் முதல் நாளே பெற்றோரிடம் சொல்வது, இந்த நோயை நீங்கள் கொண்டுவரவில்லை என்பதுதான். கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். மருந்து கொடுப்பதைப் போல உணவைக் கொடுங்கள், என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைச் சில காலம் நீங்கள் முடிவு செய்யுங்கள், உடல் தேறியதும் படிப்படியாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டாம் சந்திப்புக்குத் தாயும் தகப்பனும் உடன்பிறந்தாரும் வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொண்டு வர வேண்டும். மருத்துவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, எல்லாரும் அங்கேயே ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள்.